கண்ணையன் கையில் வீட்டுச் சாவி

முத்தியால்பேட்டையில் ஜாபர் பலராமன் வீடு எது என்று கேட்டால் தெருநாய்கூட வழி காட்டும். மில் ஓடிய காலத்தில் அவர் அங்கே ஜாபர். ஒரு வரிசை மிஷின்களுக்கும் அதில் நிற்கிற ஆட்களுக்கும் மேஸ்திரி. அதாவது, அடுத்தவன் வேலை செய்கிறானா என்று பார்ப்பதுதான் அவர் வேலை. மில்லை மூடிவிட்டார்கள், மிஷின்களைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள், ஆனால் இந்த மனுஷனின் கண் மட்டும் இன்னும் ஷிப்டு முடிந்து வீட்டுக்கு வந்து சேரவில்லை.

வீட்டுக்கு எலக்ட்ரிசியன் வந்தால் ஏணிக்குக் கீழே நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்காருவார். தேங்காய் பறிக்க ஆள் வந்தால் கழுத்து வலிக்க அண்ணாந்தபடி நிற்பார். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்ப்பது என்பார்களே, அந்த எண்ணெய்க்கே அந்த வீட்டில் தனிச் செலவு. "பாக்கலன்னா எவன் வேல செய்யறான்?" என்பார். அவர் மனைவி அஞ்சலாட்சி இதைக் கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போனவள்.

அந்த வருஷம் ஆடி பிறந்த கையோடு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவக் கண்ணையன் வந்தான். கனகசெட்டிக்குளத்திலிருந்து பஸ் பிடித்து வருகிறவன். குழாய் வேலை, கொத்து வேலை, தொட்டி கழுவுவது எல்லாம் அவனே செய்வான். நல்ல உயரம், பேச்சு கம்மி. அவன் தொட்டிக்குள் இறங்கியதும் பலராமனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. உள்ளே இறங்கிய ஆள் தேய்க்கிறானா, இல்லை ஜில்லென்று இருக்கிறதென்று உட்கார்ந்து கண்ணயர்கிறானா, அது வெளியே நிற்பவருக்கு எப்படித் தெரியும்? ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினார். தொட்டியை ஒட்டிப் போட்டு மேலே ஏறி எட்டிப் பார்த்தார். கண்ணையன் மும்முரமாகத் தேய்த்துக்கொண்டிருந்தான். ஆகா, வேலை நடக்கிறது என்ற திருப்தியோடு இறங்கினார் பாருங்கள், அப்போதுதான் கால் தவறியது.

தொட்டிக்குள் இருந்தவனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. பார்க்கப் போனவருக்கு இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. கண்ணையன் சொட்டச் சொட்ட வெளியே குதித்து, அவரைக் குழந்தையைப் போல அள்ளிக்கொண்டு படி இறங்கி, ஆட்டோவில் ஏற்றினான். வலியில் உயிர் போகிறது, அப்போதும் வாயை மூடினாரா? "அடியில பாசி போச்சாடா?" என்று கேட்டுக்கொண்டே போனார்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து கம்பி வைத்தார்கள். டாக்டர் நல்ல பிள்ளை. பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னார்: "ஐயா, இனிமே நீங்க குந்தி உக்காரவே கூடாது. வீட்டுல வெஸ்டர்ன் டாய்லெட் இருக்குல்ல?"

இல்லை. கொல்லையில் குந்துகிற கக்கூஸ்தான் இருந்தது.

"அத மாத்திட்டுச் சொல்லுங்க, டிஸ்சார்ஜ் பண்றேன்" என்றார் டாக்டர்.

இங்கேதான் சங்கதியே இருக்கிறது. பலராமனுக்கு வலிகூடப் பெரிதில்லை, பெட்பேன்தான் எமனாக வந்து வாய்த்தது. முதல் நாள் திரையை இழுத்துவிட்டு, இந்தப் பக்கம் அஞ்சலாட்சியும் அந்தப் பக்கம் நர்சும் நின்றுகொண்டு, "ஆச்சாங்க? ஆச்சா ஐயா?" என்று மாற்றி மாற்றிக் கேட்டார்கள். எங்கே ஆகும்? ஒரு மில்லையே அதட்டி வேலை வாங்கிய மனுஷன் மல்லாந்து கிடக்கிறார், இரண்டு பேர் குனிந்து பார்க்கிறார்கள். அவருக்கு அவமானத்தில் அழுகையே வந்துவிட்டது. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அதற்குப்பின் பெட்பேன் என்ற பேச்சை எடுத்தாலே காலை உதற முடியாததால் கையை உதறினார். சோற்றைக் குறைத்தார், கஞ்சியைக் குறைத்தார். நடுவில் எனிமா கொடுத்து எப்படியோ ஒப்பேற்றினார்கள். அந்தக் கதையை விடுங்கள்.

"என்ன வீட்டுக்குக் கொண்டுபோயிடு அஞ்சல. என் கொல்லையில நான் தனியா போய்க்கிறேன். யாரும் பாக்க வேணாம்" என்றார். அந்த நேரத்தில் அவருக்கு உலகத்தில் வேண்டியது அது ஒன்றுதான். சொத்து சுகம் எதுவும் கேட்கவில்லை பாவம்.

அஞ்சலாட்சி காரியக்காரி. இரண்டே நாளில் கண்ணையனைப் பிடித்துப் பேசி முடித்துவிட்டாள். சாமான்கூட வந்து இறங்கிவிட்டது. அதைச் சொல்லும்போது அவர் முகம் மலர்ந்தது. அடுத்த கேள்வியில் எல்லாம் போயிற்று.

"நீ இங்க கீற. அங்க யாரு கீறாங்க?"

"கண்ணையன் கீறாரு. சாவிய அவருகிட்டதான் குடுத்தேன்."

"சாவியையா? வீட்டுச் சாவியையா?"

"பின்ன? கொல்லைக்கு ஆகாசத்துலேருந்தா குதிப்பாரு?"

அவர்கள் வீடு ரயில்பெட்டி மாதிரி நீளம். வாசலில் நுழைந்து, கூடம் தாண்டி, அறை தாண்டி, அடுப்படி தாண்டித்தான் கொல்லைக்கே போக முடியும். வழியெல்லாம் பீரோ, டிவி, பித்தளை அண்டா. பலராமனுக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. அந்த வயிற்றில் அப்போது வேறெதுவும் கரைவதாக இல்லை என்பது வேறு விஷயம்.

"இன்னாடி இப்படிப் பண்ணிட்ட?"

"ஒங்களையே தூக்கிக்கினு வந்து ஆட்டோல ஏத்துனவருங்க அவரு. டிவியத் தூக்கிக்கினா ஓடப்போறாரு?"

"என்னையே தூக்குனவனுக்கு டிவி ஒரு கனமாடி?"

அவள் டிபன் பாக்ஸைக் கழுவ எழுந்து போய்விட்டாள்.

சென்னையில் வேலை பார்க்கும் மகன் வெற்றிவேல், அப்பாவைப் பார்க்க வந்தபோது தன் பழைய செல்போனைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். பாவி, எதற்குக் கொடுத்தான் என்றே தெரியவில்லை. பலராமன் அதைத் தலையணைக்கு அடியிலிருந்து எடுத்தார். வீட்டு நம்பரை அழுத்தினார். மணி அடித்தது, அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் ஈரக்கையோடு கண்ணையன் எடுத்தான்.

"அலோ, ஜாபர் வீடு."

"யாரு?"

"நான்தாங்க, கண்ணையன்."

"நீ ஏன் போன் எடுத்த? அப்ப வேல செய்யல?"

"போன் அடிச்சுதுங்களே."

"அடிச்சா? எவ்ளோ நேரம் அடிச்சுது! எங்கடா போயிருந்த?"

"வேல செஞ்சிக்கினு இருந்தேங்க."

எடுத்தாலும் குற்றம், எடுக்காவிட்டாலும் குற்றம். கண்ணையன் பொறுமைசாலி. ஆனால் சிமெண்டுக்குப் பொறுமை கிடையாது. குழைத்து வைத்துவிட்டுக் கை கழுவிப் போன் எடுத்து, பதில் சொல்லித் திரும்பிப் போனால் அது சட்டியிலேயே இறுகிக் கிடந்தது. மறுபடி குழைத்தான். மறுபடி போன்.

பலராமனுக்கும் இது சரிப்படவில்லை. அப்போதுதான் அவருக்குள் இருந்த பழைய ஜாபர் விழித்துக்கொண்டார். மில்லில் அவர் ஒவ்வொரு மிஷினாகப் போய்ப் பார்த்ததே கிடையாது. ஓர் ஓரத்தில் கண்ணை மூடி நிற்பார். சத்தத்திலேயே தெரிந்துவிடும், எந்த மிஷின் ஓடுகிறது, எது நிற்கிறது, எவன் பீடி குடிக்கப் போனான் என்று. அதனால் கண்ணையனிடம் சொன்னார்: "போன வைக்காத. கீழ போட்டுட்டுப் போ. நீ தட்டற சத்தம் எனக்குக் கேக்கணும்."

கண்ணையன் ரிசீவரைக் கீழே வைத்துவிட்டுக் கொல்லைக்குப் போய்ப் பழைய கக்கூஸ் மேடையை உடைக்க ஆரம்பித்தான். ணங், ணங், ணங். ஆஸ்பத்திரிக் கட்டிலில் பலராமன் செல்போனைக் காதில் ஒட்டிக்கொண்டு, கண்ணை மூடி, சங்கீதக் கச்சேரி கேட்பதுபோலப் படுத்துக் கிடந்தார். பக்கத்துக் கட்டில்காரர் ஏதோ சாமி பாட்டு என்று நினைத்துக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

உடைக்கிற வேலைக்குச் சத்தம் வரும், சரி. பதிக்கிற வேலைக்கு எங்கே வரும்? ரசமட்டத்தை வைத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு இம்மி இம்மியாக நகர்த்த வேண்டும். கண்ணையன் புது டாய்லெட் கோப்பையைத் தூக்கி வைத்து மட்டம் பார்க்கக் குனிந்தான். கூடத்தில் கிடந்த ரிசீவருக்குள்ளிருந்து எலி கத்துவதுபோல ஒரு குரல்: "சத்தம் வரலையே! சத்தம் வரலையே! டேய்!"

அவன் என்ன செய்வான்? ஒரு பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு இடது கையால் டம் டம் என்று தட்டிக்கொண்டே, வலது கையால் மட்டம் பார்த்தான். அப்படிப் பார்த்த மட்டம் எப்படி இருக்கும்? மறுநாள் காலையில் வந்து பார்த்தால் கோப்பை ஒரு பக்கமாகச் சாய்ந்து, போகிறவர் வருகிறவரைக் கூப்பிடுவதுபோல நின்றது. பெயர்த்தெடுத்து மறுபடி வைத்தால்தான் ஆயிற்று. அஞ்சலாட்சி இதைத் தயங்கித் தயங்கிச் சொன்னபோது பலராமன் கட்டிலில் எழும்பாத குறை.

"பாத்தியா? பாத்தியா! நான் பாக்கலன்னா இப்படித்தான் ஆவும்!"

அவளுக்குச் சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. வேலை தள்ளிப்போகப் போக டிஸ்சார்ஜும் தள்ளிப்போயிற்று. மனுஷனின் வயிறோ கல்லாகிக்கொண்டிருந்தது.

காதை நம்பிப் பயனில்லை, கண்தான் வேண்டும் என்று முடிவு செய்தார். பின்தெருவில் சின்னப்பொண்ணு வீடு. அவள் மாடியில் நின்றால் இவர்கள் கொல்லை உள்ளங்கை மாதிரி தெரியும். "ஏம்மா சின்னப்பொண்ணு, கொஞ்சம் பாத்துக்கம்மா" என்று போனில் சொன்னார். வேறு வேலை ஏதாவது என்றால் இடுப்பு வலிக்கிறது என்று சொல்லியிருப்பாள். வேடிக்கை பார்க்கிற வேலைக்கு அவளைப்போல ஆள் கிடைக்குமா? துவைத்த துணியை அப்படியே போட்டுவிட்டு மாடி ஏறினாள்.

"அண்ணே, ஒண்ணும் தெரியலண்ணே. கக்கூஸ் கதவு மறைக்குது."

இந்தக் கதவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அடுத்த தெருவில், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய ஒரு சொல்தாவின் பழைய வீட்டை இடித்தபோது பலராமன் வாங்கிவந்த கதவு அது. அசல் தேக்கு. ஆளைவிட ஒன்றரை மடங்கு உயரம், பட்டை பட்டையாகச் சாய்வுப் பலகை, பித்தளைக் கைப்பிடி. வாசலுக்கு என்றுதான் ஆசையாக வாங்கினார். வாசல் குள்ளம். உள்ளறைக்கும் சேரவில்லை. கொல்லைக் கக்கூஸுக்குத்தான் நிலையை உயர்த்திக் கட்ட இடம் இருந்தது. பலகை இடுக்குகளைத் தகரம் வைத்து அடைத்து அங்கே மாட்டிவிட்டார். கவர்னர் மாளிகைக் கதவு போட்ட கக்கூஸ் முத்தியால்பேட்டையிலேயே அது ஒன்றுதான்.

"கண்ணையா, அந்தக் கதவக் கழட்டு" என்று உத்தரவு போட்டார்.

"ஐயா, அது செம வெயிட்டுங்க. பதிக்கறதுக்கு ஏன் கதவக் கழட்டணும்?"

"சொன்னதச் செய். கிருஷ்ணசாமி வருவான், ரெண்டு பேரும் சேந்து கழட்டுங்க."

கிருஷ்ணசாமி என்பவன் அஞ்சலாட்சியின் தம்பி, இரண்டு தெரு தள்ளி இருப்பவன். மாமா சொன்னால் மறுபேச்சுப் பேசமாட்டான், யோசிக்கவும் மாட்டான். வந்தான், கழற்றினான். நிலை மட்டும் வாயைத் திறந்துகொண்டு நின்றது. அதற்குள்ளே கண்ணையன், புதுக் கோப்பை, எல்லாம் சின்னப்பொண்ணுவுக்குப் பளிச்சென்று தெரிந்தது.

அன்றையிலிருந்து நேர்முக வர்ணனைதான். "அண்ணே, குந்திக்கினு கீறாரு." "அண்ணே, தண்ணி குடிக்கறாரு." "அண்ணே, இப்ப முதுகச் சொறியறாரு." பலராமனுக்கு உச்சி குளிர்ந்தது. சின்னப்பொண்ணு தனியாக நிற்பானேன் என்று அக்கம்பக்கத்துப் பெண்களையும் கூப்பிட்டுக்கொண்டாள். பூண்டு உரிப்பவர்கள் ஒரு பக்கம், பேன் பார்ப்பவர்கள் ஒரு பக்கம், மாடியில் ஒரு கூட்டமே சேர்ந்துவிட்டது. "இன்னாப்பா, அந்தப் பக்கம் கொஞ்சம் சாயுதே!" என்று மேலேயிருந்து யோசனை வேறு. பெண்பிள்ளைகள் பார்க்க ஒரு மனுஷன் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு எப்படிக் குனிந்து வேலை செய்வான்? வெட்கத்தில் பேன்ட் போட்டுக்கொண்டு வந்தான். பேன்ட்டில் குந்த முடியவில்லை. அரை நாள் வேலை ஒரு நாள் இழுத்தது.

அப்புறம் ஒரு மத்தியானம் சின்னப்பொண்ணு வாய் சும்மா இராமல் சொன்னாள்: "அண்ணே, ஒங்க கதவு சொவுத்துல சாஞ்சி கெடக்குதே, எங்க வீட்டுக்கு வந்த ஒருத்தர் பாத்துட்டு, வெலைக்குக் குடுப்பாங்களான்னு கேட்டாருண்ணே."

போயிற்று. அன்று இரவுச் சாப்பாட்டைத் தொடவில்லை. பழைய தேக்குக் கதவு, ஜன்னல் எல்லாம் வாங்கிக் கப்பலேற்றுகிற கடைகள் கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுக முளைத்திருந்த சமயம் அது. கண்ணையன் ஊருக்குப் போகிற பஸ்ஸும் அதே சாலைதான். பலராமன் மனசுக்குள் அந்தக் கதவு பஸ் கூரையில் ஏறிவிட்டது, கடைக்குப் போய்விட்டது, பிரான்சுக்கே திரும்பிப் போய் இறங்கிவிட்டது.

விடிந்ததும் கிருஷ்ணசாமிக்கு உத்தரவு: "கதவ சாமான் ரூம்புல வச்சிப் பூட்டு. மில்லு பூட்டு ஒண்ணு கீதே, அதப் போடு. சாவி ஒங்கிட்டதான் இருக்கணும். எவன் கேட்டாலும் குடுக்காத. ஒங்கக்கா கேட்டாலும் குடுக்காத."

"சரி மாமா" என்றான் கிருஷ்ணசாமி. பூட்டினான். சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டான். இனிமேல் எமன் வந்து கேட்டாலும் கிடைக்காது.

அடுத்த நாள் நல்ல மழை. மாடியில் ஒரு ஈ காக்கை இல்லை. செல்போனிலும் காசு தீர்ந்துவிட்டது. அஞ்சலாட்சியிடம் கேட்டால், "மழையில கடைக்கு யாரு போவா?" என்று படுத்துக்கொண்டாள். பலராமன் கூரையைப் பார்த்தபடி பகல் முழுக்கப் புலம்பினார். கண்ணும் இல்லை, காதும் இல்லை. அங்கே அந்த ஆள் தனியாக என்ன செய்கிறானோ, எதைத் தூக்குகிறானோ என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. சாயங்காலம் கண்ணையனே நனைந்துகொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்து நின்றான். "வேல முடிஞ்சிதுங்க. ரெண்டு நாள் காயட்டும், அப்பறம் உக்காரலாம்" என்றான்.

இத்தனை நாள் இழுத்த வேலை ஒரு மழை நாளில் முடிந்துவிட்டது. அது ஏன் என்று யோசிக்க வேண்டாமா ஒரு மனுஷன்? யோசிக்கவில்லை. வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்னதும் மற்றதெல்லாம் அவருக்கு மறந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை காலையில் டாக்டர் ஒரு மருந்து கொடுத்தார். "இது மெதுவாத்தான் வேல செய்யும். வீட்டுக்குப் போய் நிம்மதியாப் போங்க" என்றார். மருந்துக்கு அது தெரியவில்லை. வேன் ஆஸ்பத்திரி கேட்டைத் தாண்டும்போதே பலராமன் வயிற்றுக்குள் மில் ஓடத் தொடங்கிவிட்டது. வழியெல்லாம் கூட்டம். ஒவ்வொரு வேகத்தடையிலும் பல்லைக் கடித்தார். வேர்த்து ஊற்றியது. ஆனாலும் முகத்தில் ஒரு களை. இன்னும் கொஞ்ச தூரம். சொந்தக் கொல்லை, தனி இடம், பக்கத்தில் ஒருத்தரும் நிற்கப் போவதில்லை.

கண்ணையன் வாசலில் காத்திருந்தான். வாக்கரைப் பிடித்துக்கொண்டு கூடம் தாண்டி, அறை தாண்டி, அடுப்படி தாண்டிப் பலராமன் பறந்தார். இடுப்பொடிந்த மனுஷன் அவ்வளவு வேகமாக நடந்ததை டாக்டர் பார்த்திருந்தால் கட்டுரை எழுதியிருப்பார். கொல்லைக்கு வந்தார். கோப்பை வெள்ளை வெளேரென்று, மட்டமாக, கோவில் விக்கிரகம் மாதிரி உட்கார்ந்திருந்தது. அவருக்குக் கண் கலங்கியது. அப்புறம்தான் நிலையைப் பார்த்தார்.

"கதவு எங்கடா?"

"சாமான் ரூம்புலங்க" என்றான் கண்ணையன். "நேத்தே மாட்டிடலாம்னு போனேன். கிருஷ்ணசாமி அண்ணன் சாவி குடுக்க மாட்டேனுட்டாரு. ஒங்க உத்தரவுன்னாரு."

"அவன் எங்க?"

அஞ்சலாட்சி தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ, இன்னைக்கு வீராம்பட்டினம் தேருங்க! அவன் விடியக்காலமே போயிட்டான்."

ஆடித் தேர்! ஊரே லீவு விட்டுவிட்டு அங்கேதான் இருக்கும். அந்த ஜனக்கடலில் எந்த மூலையில் எந்த வடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறானோ, அவன் இடுப்பில் இருக்கிறது சாவி.

"பூட்ட ஒடச்சிடட்டுங்களா?"

"ஒடைக்க முடியாதுடா! அது மில்லு பூட்டு!" என்றார் பலராமன். உயிர் போகிற நேரத்திலும் பெருமை போகவில்லை பாருங்கள்.

அப்போது மேலேயிருந்து, "அண்ணே! வந்துட்டீங்களாண்ணே!" என்று ஒரு குரல். அண்ணாந்தார். தேருக்குப் போகாதவர்கள் அத்தனை பேரும் சின்னப்பொண்ணு மாடியில் இருந்தார்கள். வழக்கமான நேரம், வழக்கமான இடம். ஒருத்தி வெங்காயம்கூட உரித்துக்கொண்டிருந்தாள்.

"உள்ள போங்கடி எல்லாரும்!"

"நீங்கதானண்ணே பாத்துக்கச் சொன்னீங்க!"

அஞ்சலாட்சி வாயால் ஒரு விரட்டு விரட்டினாள். நாலு தலை கீழே போய் இரண்டு தலை மேலே வந்தது. பலராமனுக்கு இனிமேல் தாங்காது. ஆஸ்பத்திரித் திரையாவது நாலு பக்கமும் இருந்தது. சொந்த வீட்டில், ஊர் பார்க்க, அதுவும் நானே கழற்றச் சொல்லி! அவருக்கு அன்று கட்டிலில் வந்த அதே அழுகை மறுபடி வந்துவிட்டது.

"அக்கா, ஒரு பழைய பொடவ குடுங்க" என்றான் கண்ணையன்.

அவள் கொடியில் கிடந்ததை உருவிக் கொடுத்தாள். அவள் பிடித்தால் அந்த நிலையின் உச்சிக்கு எட்டாது. அஞ்சலாட்சியை மாடிப் பக்கம் போய் அந்தக் கூட்டத்தைக் கவனிக்கச் சொல்லி அனுப்பிவிட்டு, கண்ணையன் நிலையில் நின்று, புடவையை இரண்டு கையாலும் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்தான். முதுகு உள்ளே, முகம் வெளியே. நிலை முழுக்க மறைந்தது.

உள்ளே போன பலராமன் வாக்கரை விட்டுவிட்டு உட்காரப் பார்த்தார். கை தானாகச் சுவரைத் துழாவியது. அங்கே சுவரில் ஒரு இரும்புக் குழாய், பிடித்துக்கொள்கிற மாதிரி வளைத்து, சிமெண்டு வைத்து இறுக்கமாகப் பதித்திருந்தது. பிடித்தார். அசையவில்லை. மெல்ல உட்கார்ந்தார்.

"இத யாருடா வைக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லலங்க. மழ பேஞ்ச அன்னைக்கு நானா வச்சேன்."

பலராமன் குழாயை ஒரு தடவை தடவிப் பார்த்தார். அதற்குள் எல்லாமே நின்றுவிட்டது. வேனில் அந்தப் பாடு படுத்திய வயிறு, உட்கார்ந்ததும் பயந்த பிள்ளை மாதிரி ஒடுங்கிக்கொண்டது. அங்கே ஒரு ஆள் நிற்கிறானே. துணிக்கு இந்தப் பக்கம் அவன் முதுகு தெரிகிறதே. திரும்பினால்?

"கண்ணையா."

"ஐயா."

"இன்னா பண்ற?"

"சும்மா நிக்கிறேங்க."

மில்லில் இந்தப் பதிலைச் சொன்ன எவனையும் அவர் விட்டுவைத்தது கிடையாது. இன்றைக்கு அது காதுக்கு இதமாக இருந்தது.

"திரும்பிடாத."

"திரும்ப மாட்டேங்க."

"ஒண்ணும் ஆவலடா."

"நெதானமா இருங்க. அவசரம் இல்ல."

"நீ பாத்துடுவியோன்னு இருக்குது."

கண்ணையனுக்குக் கை வலித்திருக்க வேண்டும். புடவை லேசாக ஆடியது. ஆனால் இறங்கவில்லை.

"ஐயா, நான் பாத்துக்கினு நின்னா ஒங்களுக்கு ஆவுமா?"

"எப்படிடா ஆவும்?"

"எனக்கும் அப்படித்தாங்க."

பலராமனுக்கு முகமெல்லாம் சூடேறியது. பக்கெட்டைத் தட்டிக்கொண்டே மட்டம் பார்த்தவனை, பேன்ட் மாட்டிக்கொண்டு குந்த முடியாமல் தவித்தவனை, அவர் இப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தார். அதுவும் முதுகை மட்டும். குழாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணையனைப் பார்ப்பதையும் விட்டுவிட்டு, தலையைக் குனிந்துகொண்டார்.

ரொம்ப நேரம் ஆயிற்று. அப்புறம் உள்ளே தண்ணீர் திறந்துவிடுகிற சத்தம் கேட்டது. கண்ணையன் அப்போதும் திரும்பவில்லை.